பலாமரம் வரை

பந்தலூர் பஸ்ஸில் கண்டக்டர் கேட்கிறார்:
நர்ஸா நீங்க?
இல்லை.
டாக்டரா?
இல்லை.
அப்போ கூடலூர் ஆஸ்பத்திரியில என்னதான் வேலை?
பையில் ஒரு கரடி பொம்மை, சோப்புக் குமிழி டப்பா,
ஊசியில்லாத சிரிஞ்சுகள் நான்கு.
இந்த வேலைக்குத் தமிழில் யாரும் இன்னும்
பேர் வைக்கவில்லை என்று சொல்வதற்குள்
நாடுகாணி வந்துவிடுகிறது.

அண்ணன் ஒரு பேர் வைத்திருக்கிறான்:
பி.காம். படிச்சவ பாக்குற பொம்மை வேலை.
வங்கி நேர்காணலுக்கு நான் போகாத நாளிலிருந்து
குழம்பை என் சோற்றில் ஊற்றாமல்
தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள் அம்மா.

பயிற்சியில் என்னிடமிருந்து முதலில் பிடுங்கியது
ஒரே ஒரு சொல்லை:
வலிக்காது.
வலிக்கும் என்று சொல்.
எத்தனை எண்ணும் வரைக்கும் என்று சொல்.
எதை இறுக்கிப் பிடிக்கலாம் என்று சொல்,
வாய்விட்டு அழலாம், கையை மட்டும் இழுக்கக் கூடாது,
அதையும் சொல்.
பழகிய நாக்கு.
முதல் வாரத்திலேயே மூன்று முறை வழுக்கியது.

அம்மிணிக்கு ஒன்பது வயது.
அரிவாள் போல வளைந்த அணுக்கள் அவள் ரத்தத்தில்.
ஆடி மழையில் ஜீப்பில் தூக்கி வந்தார்கள்.
அழவில்லை.
'சமர்த்து' என்று யாரோ சார்ட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.

ஆறு முகங்கள் அச்சிட்ட தாளை நீட்டினேன்,
சிரிப்பில் தொடங்கிக் கண்ணீரில் முடியும் ஆறு வட்டங்கள்.
உன் வலி இதில் எந்த முகம்?
தாளைப் பார்த்தாள்.
திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெற்றாக இருந்தது.
பிறகு சொன்னாள், எனக்காகத் தமிழில்:
எங்க வீட்டுக்குப் பின்னால பலாமரம்.
ஆனை சாய்ச்சுச்சு.
சாயும்போது ஒரு சத்தம் வரும்ல,
அது.

எங்கே?
தொடையைத் தொட்டாள்.

மருந்து இறங்கிய பிறகு
அந்த வெற்றுப் பக்கத்தில் எழுதினோம்.
சொன்னது அவள், வரைந்தது நான், திருத்தியதும் அவள்.
அடியில் அட்டை. கடிப்பதே தெரியாது, ரத்தம் மட்டும் வரும்.
அதற்கு மேல் காப்பிக் கிளை கீறினது.
முசுறு.
காஞ்சொறி.
குளவி.
உச்சியில் பலாமரம், அதைத் தள்ளும் என் யானை.
வால் தப்பு என்றாள்.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டார், எப்படி இருக்கு?
குளவி, என்றாள்.
அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைக் காட்டினேன்.
ஷைனி சிஸ்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்:
காலை எட்டு மணி. குளவி.
அடுத்த நாள் காஞ்சொறி.
அன்று ராத்திரி மறுபடி மரம்.
மருந்து பத்து நிமிடத்தில் வந்தது.
சமர்த்தாக இருந்த நாளில்
ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

புது ஊசி செருக வேண்டி வந்தபோது
முதலில் கரடிக்கு அவளே குத்தினாள்.
வலிக்காது, என்றாள் கரடியிடம்.
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
இல்ல, வலிக்கும். முசுறுதான். ஏழு எண்ணு.

வெள்ளிக்கிழமை காலையில்
நான்காம் கட்டில் காலி.
விரிப்பு மாற்றியாகிவிட்டது.
டெனிஸ் வரைந்த ரயில் சுவரில் இருந்தது,
பிளாஸ்திரியால் ஒட்டினது,
எஞ்சினும் ஒன்றரைப் பெட்டியும்.

மற்றவர்களுக்குக் குமிழி ஊதினேன்.
ஜன்னல் கம்பியில் பட்டு உடைந்தவற்றை
பிள்ளைகள் உரக்க எண்ணினார்கள்.
அம்மிணியின் கட்டிலுக்கு வந்தபோது
தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
உனக்கு?

இதுவரை யாரும் கேட்டதில்லை.
காப்பிக் கிளையில் விரல் வைத்தேன்.

ஊசி செருகிய கையாலேயே
என் விரலைப் பிடித்து
மெல்ல மேலே நகர்த்தினாள்,
முசுறு தாண்டி, காஞ்சொறி தாண்டி,
எங்கே நிறுத்துவது என்று
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.